வெங்காயப் பட்டறையில் ஒரு மதியச் சாப்பாடு

கைப்பையில் இருந்த அழைப்பிதழில் 'அரியலூர் மாவட்டம்' என்று அச்சடித்திருந்தது. திருச்சியிலிருந்து கிளம்பிய பேருந்தில் அதைக் காட்டி, எங்கே இறங்குவது என்று கேட்டேன். நடத்துநர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மாவட்டம் இப்ப இல்லீங்களே சார். பிரிச்சாங்க. போன வருசம் மறுபடி பெரம்பலூரோட சேத்துட்டாங்க."

"தாளு மிச்சம் இருந்திருக்கும், அடிச்சுட்டாங்க" என்றார் பின் இருக்கைக்காரர். "தாளு தீர்றவரைக்கும் மாவட்டம் இருக்கும்."

அன்று 2003 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. நான் கிள்ளானில் பிறந்தவன். கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் காய்கறி விலைச் செய்தி திரட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே விளைச்சல் குறைந்தது, யார் கிடங்கில் எவ்வளவு கிடக்கிறது, எந்த வியாபாரி அடுத்த வாரம் என்ன செய்வான் என்று அறிந்து சொல்வதுதான் என் பிழைப்பு. பெரம்பலூரிலிருந்து எங்கள் ஊருக்குச் சின்ன வெங்காயம் அனுப்பும் வியாபாரிகள் சிலர், இதையே தங்கள் ஆட்களுக்கு ஐந்து நாள் பாடமாகச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். போட்டியாளரைப் பற்றிய தகவல் திரட்டுவது இப்போது உலகமெங்கும் ஒரு தனித் துறை. அதற்கென்று தடிமனான புத்தகங்கள் இருக்கின்றன. பாதியைப் படித்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில்தான் வந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. கல்யாண மண்டபம் ஒன்றின் மாடி. கீழே ஏதோ விசேஷத்துக்கு சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம், பருத்தி, சிமெண்டு, முந்திரி என்று பல வியாபாரங்களிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று விதிகளை முதலில் சொன்னேன். பொய்ப் பெயர் சொல்லக் கூடாது. எதையும் திருடக் கூடாது. கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப இதுக்கு எதுக்குங்க சார் வகுப்பு? டீக்கடையில ஒக்காந்தா போதுமே" என்றார் ராஜேந்திரன். அரியலூரில் சிமெண்டு விற்பவர். ஐந்து நாளும் என்னைச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

"டீக்கடையில் கேட்டது நிஜமா என்று சோதிப்பதற்குத்தான் வகுப்பு" என்றேன்.

"அதுக்கு இன்னொரு டீக்கடை இருக்குதுங்களே."

கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பியுடன் ஒருவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கனி பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் சாதிக். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். குவைத்தில் ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை பார்த்தவன். போர் வரப்போகிறது என்று அங்கிருந்து கிளம்பி வந்திருந்தான்.

அன்று இரவுச் சாப்பாடு கனி பாய் வீட்டில். தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். எதிர் வீட்டுத் தொலைபேசியில் ஒரு பெண் திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "லைன் கெடைக்க மாட்டேங்குதும்மா. கெடைச்சா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்." தகவல் என்ற சொல்லை அன்று காலையிலிருந்து நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சற்று நேரம் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறினார்கள். கனி பாய் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மண்டியில எனக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா கெடக்குது சார். அக்கா மவன்னு ஒக்கார வச்சா கடைத்தெருவே சிரிக்கும். ஒரு சரக்க அவனா பாத்து, மதிப்பு போட்டு வந்து சொல்லட்டும். சரியா இருந்தா ஒக்காரட்டும்."

"இல்லாவிட்டால்?"

"பாஸ்போர்ட்டு அவன் பையிலதான் இருக்குது."

சாதிக் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான். அவன் அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "சண்டை வரப்போற ஊருக்கு மறுபடி எதுக்குடா அனுப்பற தம்பி" என்றார், மெதுவாக. கனி பாய் இன்னொரு இடியாப்பத்தை என் தட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை எல்லோரையும் அரியலூருக்கு அழைத்துப் போனேன். சிமெண்டு ஆலைப் பக்கம் போகும் சாலையில் வேப்ப மரங்களின் இலை சாம்பல் நிறத்தில் இருந்தது. இந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லில் கடற்சிப்பிகள் இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஓரத்தில் குவித்திருந்த கற்களில் ஒன்றைப் புரட்டினேன், இருந்தது. கடல் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் வரிசையாக நின்றன.

"இந்த வரிசைதான் சார் எங்களுக்குப் பேப்பரு" என்றார் ராஜேந்திரன். "வரிசை நீளமா இருந்தா சரக்குக்கு கிராக்கி. லாரிக்காரன் சோறாக்க ஆரம்பிச்சுட்டான்னா ரெண்டு நாளைக்கு ஊருக்குள்ள சரக்கு எறங்காது. விலை ஏறப் போவுதுன்னு அர்த்தம்."

எங்கள் சந்தையில் விடியற்காலையில் விலைப் பலகை எழுதி வைப்போம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கே சாலையோரத்து அடுப்பைப் படிக்கிறார்கள். படிப்பு ஒன்றுதான்.

திரும்பும்போது பேருந்தின் பின்சக்கரம் பஞ்சரானது. ஓட்டுநர் ஜாக்கி தேடிக்கொண்டிருக்க, எல்லோரும் இறங்கி ஒரு புளிய மரத்து நிழலில் நின்றோம். அதே பேருந்தில் வந்த செந்துறைப் பக்கத்துப் பெண்கள் இருவர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"இத்தினி பேரு பேண்டு மாட்டிக்கிட்டு அந்த லாரிங்கள என்னத்தடி பாத்துக்கிட்டு நின்னாங்க?"

"பாவம், வேல கெடைக்காதவங்களா இருக்கும்."

புதன்கிழமைதான் முக்கியமான பயிற்சி. ஒவ்வொருவரும் தங்கள் போட்டியாளர் ஒருவரின் சரக்கைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். கனி பாய் தன் மருமகனுக்கு ஒதுக்கிய பெயர் முத்துசாமி. செட்டிகுளம் பக்கத்துக்காரர்; தானும் விளைவித்து, அக்கம்பக்கத்திலும் வாங்கிச் சேர்த்து விற்பவர்; சந்தையில் கனி பாய்க்கு நேர் எதிர். வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருந்தார். பட்டறை என்பது இங்கே நீளமான தட்டிக் கூடு. தரைக்கு மேலே கல் அடுக்கி, மூங்கில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, வெங்காயத்தைக் காற்றாட மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அது மழை பொய்த்த ஆண்டு. வெங்காயம் அரிதாக இருந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் எதிர்பாராமல் ஒரு மழை அடித்திருந்தது. முத்துசாமியின் சரக்கு நனைந்ததா, இல்லையா? கடைத்தெரு முழுக்க இதுதான் கேள்வி.

சாதிக்கின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். பட்டறைக்கு எதிரே சாலையில் நிறுத்தி, கீற்றையும் தட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியதால் வாசனை எதுவும் வரவில்லை. ஒரு குரல் வந்தது.

"கனி பாய் மருமவன்தானே? ரோட்டுல நின்னுக்கிட்டு என்னத்த பாக்கற மாப்ள?"

"இல்ல மாமா, சும்மாதான்..."

"சும்மாவா? வகுப்புக்கு வந்திருக்கீங்க. இவரு மலேசியா சாரு. காலையிலயே சேதி வந்துருச்சு." முத்துசாமி சிரித்தார். தலையில் துண்டு, நல்ல உயரம். "சோத்து நேரத்துல வாசல்ல நிக்கறவன வெறும் வயித்தோட அனுப்பினா எனக்கு எப்படி எறங்கும்? வாங்க சார் உள்ள."

போட்டியாளருக்கு நம் வருகை முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று என் புத்தகங்களில் ஒரு அத்தியாயம் உண்டு. அதில் இந்த நிலைமை இல்லை. உள்ளே போனோம்.

முத்துசாமியின் மனைவி செல்லம்மாள் தட்டு வைத்தார். புழுங்கல் அரிசிச் சோறு, முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, சின்ன வெங்காயத்தை முழுசாக வதக்கிய ஒரு கறி. எண்ணெயில் சுருண்ட அந்த வெங்காயத்தின் இனிப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். குவைத்தில் எந்தெந்த நாட்டு வெங்காயம் வரும், எந்த நாட்டுப் பெட்டியில் கல் இருக்கும் என்று சாதிக் சொல்லிக்கொண்டிருந்தான். முத்துசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாம் சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போது காற்று திரும்பியது. பட்டறையைப் பார்த்த ஜன்னல் வழியாக அந்த வாசனை உள்ளே வந்தது. முப்பது ஆண்டுகள் மொத்தச் சந்தையில் நடந்தவனுக்கு அது தப்பாது. அழுகத் தொடங்கிய வெங்காயம். ஒரு புளிப்பு, அதன் அடியில் ஒரு தித்திப்பு.

செல்லம்மாளின் கை கரண்டியோடு ஒரு கணம் நின்றது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தினால் சொன்னதாகிவிடும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்றார். சாதிக் போட்டுக்கொண்டான். அந்த வாசனைக்குள் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டு முடித்தோம்.

திரும்பும் வழியில் ஒரு பாலத்தருகே மொபெட்டை நிறுத்தினான்.

"சார், ஒங்களுக்கும் வாசம் வந்துச்சுதானே?"

"வந்தது."

"சாப்ட்டுட்டோமே சார். இனி எப்படிச் சொல்றது?" என்றான்.

வீட்டுக்குள் கூப்பிட்டது அன்பா, தடுப்பா? அன்று இரவு விடுதியில் படுத்து யோசித்தேன். செல்லம்மாள் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்ன குரலில் தந்திரம் இல்லை. முத்துசாமியின் சிரிப்பில் இருந்திருக்கலாம். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருவர், போட்டியாளரின் கொட்டகையில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று புகையை வைத்தே சொன்னார். கைதட்டினார்கள். பிறகு சாதிக்கின் முறை.

"முத்துசாமி மாமா வூட்டுக்குப் போனேன். சாப்ட்டேன்." உட்கார்ந்துவிட்டான்.

மண்டபம் அமைதியானது. அது குழப்பமான அமைதி அல்ல. எல்லோருக்கும் ஏதோ விளங்கிவிட்ட அமைதி. விளங்காதவன் நான் ஒருவன்தான். கனி பாய் கடைசி வரிசையிலிருந்து கேட்டார்.

"நீங்களும் சாப்ட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வெங்காய வியாபாரிகள் போனார்கள். தேநீர் இடைவேளையில் ராஜேந்திரனைப் பிடித்துக் கேட்டேன். அன்று அவர் நகைச்சுவையாகப் பேசவில்லை.

"சாப்ட்ட வூட்டப் பத்திக் கெடுதல் பேசக் கூடாது சார். இங்க எவனும் பேச மாட்டான். ஆனா நல்லது பேசறதுக்கு என்ன தடை? சரக்கு நல்லா இருந்திருந்தா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ஒக்காந்திருப்பான். வாயத் தொறக்கலேன்னா என்ன அர்த்தம்? பையன் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு கவுத்துட்டான்."

சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. முத்துசாமியின் சரக்கைக் கேட்டு வைத்திருந்தவர்கள் வேண்டாம் என்று போன் போட்டுவிட்டார்களாம். பட்டறை மொத்தமும் அழுகிவிட்டது என்று பேச்சு. ஒரு வாசனை, ஒரே நாளில், ஒரு ஆளின் வருஷத்து உழைப்பு முழுவதையும் மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

நான் மண்டிக்குப் போனபோது கனி பாய் சாதிக்கிடம் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒக்காருடா. சொல்ல வேண்டியத சொல்லிட்டே."

"நான் ஒண்ணும் சொல்லலை மாமா."

"அதத்தான் சொல்றேன்."

சாதிக் உட்காரவில்லை. மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருந்தான். பிறகு வெளியே போனான். கனி பாய் என்னைப் பார்த்து, "குவைத்துக்கே போவட்டும்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கடைசி நாள் வகுப்பு தொடங்குமுன் சாதிக் விடுதிக்கு வந்தான். "வரீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான். எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ராஜேந்திரனிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முத்துசாமி பட்டறைக்கு முன்னால் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை.

"பட்டறையப் பிரிங்க மாமா. முழுசும் பாக்கணும்" என்றான் சாதிக்.

"பாத்து? நேத்து பேசாம இருந்தே, சரக்கு குப்பையாச்சு. இன்னைக்கு வாயத் தொறந்தா என்னாவும்? நான் கயித்துக்குத்தான் போவணும்."

"உள்ளதச் சொல்லுவேன்."

"ஒன் மாமன் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது."

செல்லம்மாள் வீட்டிலிருந்து வந்தார். "பிரிச்சுக் காட்டுங்க. மூடி வச்சு என்னத்தக் காப்பாத்தினோம்?" என்றார். முத்துசாமி கூடையிலிருந்து எழுந்தார். அரிவாளால் தட்டியின் கட்டுக் கயிற்றை அறுத்தார்.

மேற்கு ஓரத்தில் கீற்று விலகி மழை இறங்கியிருந்தது. அங்கே வெங்காயம் கறுத்து, கை வைத்தால் கூழாக வந்தது. சாதிக் அங்கிருந்து ஆரம்பித்துக் கிழக்கே நகர்ந்தான். நான்கைந்து இடங்களில் தட்டியைப் பிரிக்கச் சொல்லி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து எடுத்தான். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் கழுத்தில் அழுத்தினான். இரண்டாக நறுக்கி மோந்தான். அவன் என் வகுப்பில் கற்றதை அல்ல, குவைத்துக் கிடங்கில் கற்றதைச் செய்துகொண்டிருந்தான். நானும் கூடவே எடுத்துப் பார்த்தேன். மேற்கு ஓரத்தைத் தாண்டியதும் தோல் சரசரவென்று காய்ந்திருந்தது. அழுகல் பரவியிருக்கவில்லை. ஆனால் அப்படியே விட்டால் பரவும்.

வெயில் உச்சிக்கு வந்தது. செல்லம்மாள் கூடத்தில் தட்டு வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார்.

"இல்ல அத்தை. இன்னைக்கு சாப்பிட மாட்டேன்."

அவர் முகம் மாறியது. "கோவமாப்பா?"

"இல்ல அத்தை. போய்ப் பேசணும்."

அவருக்குப் புரிந்தது. "தண்ணியாவது குடிச்சுட்டுப் போ" என்று சொம்பை நீட்டினார். சாதிக்கின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினான். சொம்பு என் பக்கம் திரும்பியது. நானும் தலையாட்டினேன். அப்படியொரு தாகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மறுத்தது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பெரம்பலூர் வந்ததும் சாதிக் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போனான். நான் எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து எதுவும் வாங்காமல் காத்திருந்தேன். கடைக்காரர் இரண்டு முறை முறைத்தார்.

மண்டியில் கனி பாயோடு நான்கைந்து வியாபாரிகள் இருந்தார்கள். சாதிக் நின்றபடியே சொன்னான்.

"மேக்கு ஓரம் ஒழுகியிருக்கு. கால் பங்கு போச்சு, அதுல ஒண்ணும் தேறாது. மீதி முக்கா பங்கு கல்லு மாதிரி இருக்கு. இன்னைக்கே அழுகினத பிரிச்சுட்டா தாங்கும். ரெண்டு நாளு விட்டா தாங்காது."

"சாப்ட்ட சோத்துக்குப் பேசறான்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கனி பாய் கையை உயர்த்தினார். சிரிப்பு நின்றது.

"இன்னைக்குச் சாப்ட்டியா?"

"இல்ல மாமா."

"தண்ணி?"

"இல்ல."

கனி பாய் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். மண்டிக்குள் தராசின் கொக்கி ஆடும் சத்தம் கேட்டது. என் புத்தகங்களில் ஒரு செய்தியை நம்பலாமா என்று சோதிக்கப் பக்கம் பக்கமாக முறைகள் இருந்தன. இங்கே இரண்டே கேள்வியில் முடிந்துவிட்டது.

அவர் தொலைபேசியை இழுத்தார்.

"முத்துசாமி, நான் கனி பேசறேன். மேக்கு ஓரத்தப் பிரிச்சுத் தள்ளிடு. மீதிக்கு சாயங்காலம் லாரி வருது." பிறகு ஒரு விலை சொன்னார். மறுமுனையில் முத்துசாமி ஏதோ சொன்னார். கனி பாய் "சரி" என்று வைத்துவிட்டார்.

வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் பிரியாணி. கனி பாய் அதைத் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார். "ஒக்காந்து சாப்டு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. சாதிக் கைகழுவிவிட்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். முதல் கவளத்தைப் பெரிதாக எடுத்தான்.

கனி பாய் அன்று தொலைபேசியில் சொன்ன விலை என் காதில் தெளிவாக விழுந்தது. அந்த வாரத்து விலை என்ன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆகவே அந்த விலையைப் பற்றி நான் எதுவும் எழுதுவதற்கில்லை.